டீ போட்டால் பைன் மரம்

1

என் மகள் திவ்யாவுக்குப் பல்லில் கம்பி கட்டிய செய்தி இலங்கையில் கஹவத்தைக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்கே பெரியக்காவிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. வழமையாக அவள் ஒரு மிஸ்ட் கோல் கொடுத்துவிட்டு வைத்துவிடுவாள், நான் திருப்பி எடுக்க வேண்டும். அன்றைக்கு அவளே காசு போட்டுப் பேசினாள் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

“புள்ள வாயில கம்பியா? அப்பிடி என்ன குத்தம் பண்ணுச்சு?”

“பல்லு நேராகுறதுக்குக்கா. இங்க எல்லாப் புள்ளைங்களும் போடுதுங்க.”

“தெத்துப்பல்லு அதிஷ்டம்னு சொல்லுவாங்க. அதப் போயி நேராக்குறீங்களே. கம்பி எண்ணுறவன பாத்திருக்கேன், கம்பி நீட்டுனவனயும் பாத்திருக்கேன். கம்பிய வாயிலயே வச்சிருக்கிறத இப்பதான் கேக்குறேன்.”

கம்பி நீட்டியவன் என்றது என் கணவர் மணியை. தொண்ணூற்று நாலில் ஒரு வார்த்தை சொல்லாமல் தோட்டத்தை விட்டு வெளிநாட்டுக்குக் கிளம்பியவர் அவர். ஆறு மாதம் கழித்து நானும் போய்ச் சேர்ந்தேன். அக்கா இன்னும் அதை மறக்கவில்லை. இந்த மாசியோடு நாங்கள் சுவிட்சர்லாந்துக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. அவள் மட்டும் நேற்றைக்கு நடந்த மாதிரிதான் பேசுகிறாள்.

உண்மையைச் சொன்னால், இங்கே பதின்மூன்று வயதில் வாயில் கம்பி இல்லாத பிள்ளையைத்தான் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். திவ்யாவின் தெத்துப்பல் எனக்கு அழகாகத்தான் இருந்தது. என்னுடையதே அது. ஆனால் பள்ளிக்கூடத்தில் பல் பார்க்க வந்த டாக்டர், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, இப்போதே சரி செய்வது நல்லது என்று சொல்லிவிட்டார். கம்பி கட்டிவிட்ட அன்றைக்கு அழுதுகொண்டு வந்தவளிடம், ஊரில் எல்லா அம்மாக்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

“பல்லக் கடிச்சிக்கிட்டு ரெண்டு வருஷம் பொறுத்துக்க தங்கம்.”

பிள்ளைகளிடம் பழமொழி மாதிரிப் பேசுவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று எனக்கு அப்போது தெரியாது.

2

சில மாதங்கள் போயின. மேல் கம்பியிலிருந்து கீழ்க் கம்பிக்கு ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டார்கள். மணி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடியற்காலையில் மரத்துக்கு மரம் பால் வெட்டி வளர்ந்த கை அவருடையது. மகளின் முகவாயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ரப்பர விட்டு ஓடியாந்தேன். அது புள்ள வாய்க்குள்ள வந்து ஒக்காந்திருக்கு” என்றார்.

பிறகுதான் வலி வந்தது. பல்லில் இல்லை. காதுக்கு முன்னால், தாடை வந்து சேரும் இடத்தில். கொட்டாவி விட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அது சாப்பாட்டு மேசையின் அடுத்த பக்கத்தில் இருக்கும் எனக்கே கேட்கும். வாயை மூடினால் வலப்பக்கக் கடைவாய்ப் பல் மட்டும் முட்டுகிறது, இடப்பக்கம் முட்டவே இல்லை என்றாள்.

“கடி சரியில்லப்பா” என்று அப்பாவிடம் முறையிட்டாள்.

“அது பரம்பரை. ஒங்கம்மா கடிக்கிற கடியவிடவா?” என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இந்த மாதிரி அறுவைக்குக்கூடச் சிரிப்பாள். கொஞ்ச நாளாகவே பேச்சு குறைந்துகொண்டு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கேட்டால் ஒரு சொல், அதுவும் பல்லிடுக்கு வழியாக. கம்பியினால்தான் பேசவில்லையா, இல்லை நம்மிடம் பேசவே பிடிக்கவில்லையா என்று நான் கவலைப்பட ஆரம்பித்தேன். இந்த ஊரில் பிள்ளைகள் கைவிட்டுப் போவது பெரிய சண்டையால் அல்ல, இப்படி ஒவ்வொரு சொல்லாகக் குறைந்துதான் என்று எங்கள் ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டின் வாயே அவள்தான். ஆறு வயதிலிருந்து எங்களுக்காக ஜெர்மன் பேசுகிறவள் அவள். மணி வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்துக்கு லீவு சொல்வது, வீட்டுச் சொந்தக்காரரிடம் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைச் சொல்வது, காப்புறுதிக்காரரோடு வாதாடுவது எல்லாம் அவள் பொறுப்பு. சின்ன வகுப்பில் இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் நாளில் அவளைப் பற்றி டீச்சர் சொன்னதை எங்களுக்கு மொழிபெயர்த்ததும் அவளே. டீச்சர் கையை விரித்து நீளமாக என்னவோ சொன்னார். “வகுப்புல நல்லா பேசுறேனாம்” என்றாள் திவ்யா. வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்பதுதான் அது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் ஜெர்மனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் டெர், டீ, டாஸ் என்று மூன்றில் ஒன்றைப் போட்டாக வேண்டும். டெர் போட்டால் ஆண், டீ போட்டால் பெண், டாஸ் போட்டால் இரண்டும் இல்லை. கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்கக் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு மூன்றில் எது முதலில் வாய்க்கு வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் எல்லாவற்றுக்கும் டீ போட்டேன். மொழி வகுப்பு ஆசிரியை, “ராணி, இந்த நாட்டில் ஒரு ஆணைக்கூட மிச்சம் வைக்கமாட்டாயா?” என்று கேட்டுவிட்டார்.

திவ்யாவுக்கு இது பெரிய வெட்கம். தாடை டாக்டரிடம் போகிற நாளில் பஸ்ஸில் வைத்து எனக்குப் பாடம் எடுத்தாள்.

“அம்மா, நல்லா கேளுங்க. டெர் கீஃபர்னா தாடை. டீ கீஃபர்னா பைன் மரம். மாத்திச் சொல்லிராதீங்க. இல்லன்னா நீங்க பேசவே வேணாம், நானே பேசிக்கிறேன்.”

“பேசிக்க. எனக்கென்ன, ஒரு டீ மிச்சம்” என்றேன்.

அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

3

பிள்ளை பேசி அம்மா கேட்டுக்கொண்டிருப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழர்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான். கீழே இறங்கினால் சுற்றிலும் சிங்களக் கிராமம். கடை, பஸ், ஆஸ்பத்திரி, பொலிஸ் எல்லாம் சிங்களத்தில்தான் நடக்கும். ஆற்றில் கிராமத்துப் பிள்ளைகளோடு குளித்து விளையாடியதில் எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வந்துவிட்டது. அதன் பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யாருடைய அடையாள அட்டை தொலைந்தாலும், “ராணியக் கூட்டிக்கிட்டுப் போங்க” என்பார்கள். போய்ப் பேசிவிட்டு வந்தால் டவுனில் ஒரு பிளேன்டீயும் தின்ன ஒரு பணிஸும் வாங்கித் தருவார்கள். எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை.

என் அப்பாவை மட்டும் கூட்டிக்கொண்டு போவது கஷ்டம். தனக்குச் சிங்களம் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. தொண்ணூற்றிரண்டில் கடைவாய்ப் பல் வீங்கிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முந்தின நாள் போயா. பௌர்ணமி விடுமுறை என்பதால் சாராயக் கடை மூடியிருக்கும். அப்பா அன்றைக்குக் காலையிலேயே அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். பல் டாக்டர் நாற்காலியில் உட்காரவைத்து, “கட்ட அரின்ன” என்றார். வாயைத் திறங்க என்று அர்த்தம்.

சிங்களத்தில் வாய்க்கும் கடைக்கும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். அது அப்பாவின் காதில் ‘கடே’ என்று விழுந்துவிட்டது. டாக்டர் வாடையைக் கண்டுபிடித்துச் சாராயக் கடையைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று நினைத்துவிட்டார். நான் வாயெடுப்பதற்கு முன், மிகவும் மரியாதையாக, “ஈயே போய மாத்தயா, கடே வஹலா. அத எரலா” என்றார். நேற்று போயா ஐயா, கடை மூடியிருந்தது, இன்றைக்குத் திறந்திருக்கிறது என்று தகவல் கொடுத்தார்.

டாக்டர் கையிலிருந்த சாமானைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் வாய் என்றால் கடைதான். யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், “என்ன, இன்னைக்குப் போயாவா?” என்று கேட்போம். திவ்யாவுக்கும் சோறு ஊட்டிய காலத்தில், “கடையத் தொற” என்றுதான் ஊட்டினேன். அந்தக் கதையை அவளுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன்.

4

தாடை டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். திவ்யாவின் பற்களுக்கு நடுவே மெல்லிய நீலக் காகிதம் ஒன்றை வைத்துக் கடிக்கச் சொன்னார். எடுத்தபோது வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் மட்டும் நீலம் பட்டிருந்தது. இடப்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. ஒரு தட்டு தாழ்ந்துபோன தராசு மாதிரி அவள் வாய் ஒரு பக்கமாகவே பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் நிதானமாக விளக்கினார். பற்கள் இடம் மாறிக்கொண்டிருக்கும்போது கடி கொஞ்ச காலம் கோணலாக இருப்பது நடக்கக்கூடியதுதான், கம்பியைத் திருத்தித் திருத்திக் கொண்டுவந்துவிடலாம், ரப்பரைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வைக்கலாம். ஆனால் தாடைத் தசை இவ்வளவு இறுகியிருப்பதற்குக் கம்பி மட்டும் காரணமாக இருக்க முடியாது. பகலிலும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாயா, எந்த நேரத்தில் என்று திவ்யாவைக் கேட்டார்.

திவ்யா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி வேகமாகப் பேசத் தொடங்கினாள்.

எனக்கு ஜெர்மன் பேசத்தான் வராது. கேட்பதற்கு டெரும் டீயும் தேவையில்லை. பதினாலு வருஷம் காது சும்மா இருந்துவிடவில்லை. அவள் சொன்னது இது: “போன் பேசி முடித்த பிறகு. வீட்டில் எல்லாருக்கும் நான்தான் பேச வேண்டும். நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் அப்பாவுக்கு வேலை போய்விடுமோ, வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கும். பேசி முடித்தால் பல் தானாக இறுகிக்கொள்ளும். வீட்டுக்குள் வந்தால் பிறகு எந்த மொழியிலும் பேசப் பிடிக்காது.”

“அம்மாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாது. கஷ்டம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.”

இதை நீயே அம்மாவிடம் சொல்வது நல்லது என்றார் டாக்டர். பிறகு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். சும்மா இருக்கும்போது உதடு சேர்ந்திருக்க வேண்டும், பல் சேரக் கூடாது, நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும், அதுதான் தாடைக்கு ஓய்வு. திவ்யா செய்து பார்த்தாள். உதட்டைச் சேர்த்தால் பல்லும் கூடவே சேர்ந்துகொண்டது. மறுபடி மறுபடி செய்தாள். வரவில்லை.

“என்ன சொல்றாங்க?” என்று ஒன்றும் விளங்காதவள் மாதிரிக் கேட்டேன்.

“சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கச் சொல்றாங்கம்மா. ரொட்டி சாப்பிட வேணாமாம்.”

அங்கே அவ்வளவு பேச்சு, இங்கே இவ்வளவுதான். பாம்பின் கால் பாம்பறியும். நானும் லயத்தில் எத்தனையோ பேருக்கு இப்படிச் சுருக்கிச் சொன்னவள்தான். பணிஸையும் பிளேன்டீயையும் மட்டும் இத்தனை காலமாக நினைவில் வைத்திருந்தேன். பக்கத்துக் காம்பிரா வீட்டு மாரியாயி அக்காவிடம், “புள்ள தங்கலையாம்க்கா” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொன்னவளும் நான்தான் என்பது அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வந்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது. அன்றைக்கு எனக்குப் பணிஸ் இறங்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவளுடைய தாடை எலும்பு மட்டும் கன்னத்துக்குள்ளே அசைந்துகொண்டிருந்தது. என் மகளுக்கு வலிக்கும்போது அவள் எனக்காகப் பொய் சொல்கிறாள் என்பது தாங்கக்கூடியதாக இல்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாடு தேங்காய் ரொட்டி. காலையிலேயே மாவு பிசைந்துவிட்டிருந்தேன். அவள் துண்டைப் பிய்த்து, என் கோப்பைத் தேநீரில் நனைத்து நனைத்துச் சாப்பிட்டாள். நாங்கள் அப்படிச் சாப்பிடும்போதெல்லாம் அருவருப்பாக முகத்தைச் சுளிக்கிறவள் அவள்.

“நல்லாருக்கா?” என்றேன்.

“மோசமில்ல” என்றாள். அந்த வாரத்தில் என்னிடம் அவள் தானாகச் சொன்ன நல்ல வார்த்தை அதுதான்.

5

மறுநாள் காலை அவளுக்கு வாய் திறக்கவில்லை. ஒரு விரல் போகிற அளவுக்குத்தான் திறந்தது. அதற்கு மேல் போனால் கண்ணில் தண்ணீர் வந்தது. மணி விடிவதற்கு முன்னமே வேலைக்குப் போய்விட்டார். நான் டாக்டரின் நம்பரைத் தேடி எடுத்தேன். அவள் பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள். தாடை பூட்டிக்கொண்டு கிடக்கிறது, பல்லிடுக்கு வழியாக மூச்சு விடுகிறாள், அப்போதும் தனக்கான டாக்டரைத் தானே கூப்பிடுவதற்குப் போனைக் கேட்கிறாள்.

“குடுக்கமாட்டேன். நீ ஒக்காரு” என்றேன்.

“அம்மா, வேணாம்மா” என்றாள் பல்லைத் திறக்காமலே.

அந்தப் பக்கம் போன் அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். வணக்கம் சொல்லி, பெயரைச் சொல்லி, நேற்று வந்தோம் என்பதையும் சொல்லிவிட்டேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு விஷயத்துக்கு வர வேண்டுமே. டெர் என்று நூறு தடவை மனப்பாடம் செய்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ.

“என் மகளின் டீ கீஃபர் மிகவும் வலியில் இருக்கிறாள்” என்றேன் ஜெர்மனில். “திறக்க மாட்டேன் என்கிறாள்.”

“டெர் கீஃபர்?” என்று மரியாதையாகத் திருத்தினாள் அந்தப் பெண்.

“ஆமாம், ஆமாம். டீ கீஃபர்” என்று உறுதியாகச் சொன்னேன்.

“பைன் மரம் என்றால் நகரசபைத் தோட்டப் பகுதியைக் கேட்க வேண்டும் அம்மா. தாடை என்றால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள், டாக்டர் பார்ப்பார்” என்றாள் அவள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது குரலில் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வரச் சொல்லிவிட்டாள். பதினாலு வருஷத்தில் நான் தனியாக வாங்கிய முதல் அப்பாயின்ட்மென்ட் அது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், திவ்யா மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து பக்கத்தில் போனேன். கன்னத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

“பைன் மரம் தொறக்கமாட்டேங்குதா?” என்றாள். “ஆ, வலிக்குது. சிரிக்க வைக்காதீங்கம்மா.”

டாக்டரின் அறையில் நாற்காலியைச் சாய்த்து அவளைப் படுக்கவைத்தார்கள். டாக்டர் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, எப்போதிருந்து, இரவில் தூங்கினாளா, என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். அவளைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் திவ்யா தலையைத் தூக்கி, அந்த ஒரு விரல் இடைவெளி வழியாகவே எனக்காகப் பேசத் தொடங்கினாள்.

அவள் நெற்றியில் கையை வைத்துப் படுக்கவைத்தேன்.

“கடைய மூடு. இன்னைக்கு ஒனக்குப் போயா.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“நேத்து நீ டாக்டர்கிட்ட சொன்னதெல்லாம் எனக்கு வெளங்கிச்சு தங்கம். எனக்குப் பேசத்தான் தெரியாது. இனிமே தப்புத் தப்பாவாவது நானே பேசிக்கிறேன். பல்லக் கடிச்சிக்கிட்டு இருன்னு நான் சொன்னத மறந்துரு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் டாக்டரிடம் திரும்பி, இரவைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் தேநீரைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். இரவு பெண்பால் என்பதால் அது தற்செயலாகச் சரியாக வந்தது. மற்ற எல்லாவற்றுக்கும், தேநீருக்கும்கூட, டீ போட்டேன். டாக்டர் ஒன்றையும் திருத்தவில்லை. குறித்துக்கொண்டே வந்தார். எங்கேயோ ஓர் இடத்தில் எனக்கு வார்த்தை கிடைக்காமல் நின்றபோது திவ்யாவைத் திரும்பிப் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். சிரித்து முடிந்த முகத்தோடு கண்ணை மூடிக் கிடந்தாள். உதடு லேசாகச் சேர்ந்திருந்தது. கன்னத்தில் அந்த எலும்பு அசையவில்லை.

டாக்டரும் என் பார்வை போன பக்கம் பார்த்தார். எழுதுவதை நிறுத்திவிட்டு, அவள் தாடையின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்தார்.

“இதுதான். இப்படியே இரு” என்றார் மெதுவாக.

அதை எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.